கொடிமலையில் கடைசி ஆள்

மலேசியாவின் பினாங்கில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த பிள்ளைகள் முதல் சில மாதம் அறையை விட்டு அசைய மாட்டார்கள். அதிகம் போனால் தண்ணீர்மலைக் கோயில். அவர்களைச் சில சனிக்கிழமைகளில் பினாங்கு ஹில் என்னும் கொடிமலைக்கு நடத்திக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு மாணவர் லீடர்.

தாவரப் பூங்கா வாசலிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ரோடுதானே என்று கிளம்புவார்கள். அது எவ்வளவு செங்குத்து என்பது முழங்காலுக்குத்தான் தெரியும்.

வேகமாக நடப்பவன்தான் லீடர் என்று எப்படியோ எல்லார் மனத்திலும் பதிந்திருக்கிறது. அவன் முன்னால் போய் ஒரு வளைவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டிருப்பான். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாம்" என்பான். ஓய்வு தேவைப்படாதவனுக்குப் பத்து நிமிட ஓய்வு, தேவைப்பட்டவளுக்கு ஒன்றுமில்லை. இதை நான் சொல்லித் திருத்துவதில்லை. அடுத்த வாரம் அவனையே கடைசியில் நடக்க விடுவேன். மெதுவாக நடப்பவர் முன்னால் போவார், அவர் வேகம்தான் எல்லாருக்கும்.

பின்னால் நடப்பவனுக்குத்தான் ஆட்கள் கண்ணில் படுவார்கள். இங்குள்ள ஈரக் காற்றில் வியர்வை லேசில் காயாது, அதனால் உடம்புச் சூடும் எளிதில் இறங்காது. வழியெல்லாம் வாயடித்தவள் திடீரென்று அமைதியானால் கவனியுங்கள். தலைவலி, தலைசுற்றல் என்றால் நிழலில் உட்கார வைத்து, ஈரத்துணி போட்டு, தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ இடம் தெரியாமல் விழித்தாலோ வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இங்குள்ள அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, திரும்பும் நேரம். பினாங்கில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே, பசியாறும்போதே முடிவு செய்ய வேண்டும். மேலே போனபின் யாருக்கும் திரும்ப மனம் வராது.

ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் லீடர். உச்சிக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. கடிகாரத்தைப் பார்த்தான்; "நேரமாச்சு, இறங்குவம்" என்றான். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "வானம் வெளுத்துக் கிடக்கு மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. ஒரு வாரம் அவனைக் கேலி செய்தார்கள்.

அடுத்த பயணத்துக்கும் அவனையே லீடராகப் போட்டேன்.