மெய்நிகர்: எதில் நிகர்?

தொழில் திறன் பயிற்சிக்கு அரசு நிதி ஒதுக்கும் ஆவணங்களில் இப்போது தவறாமல் தலைகாட்டும் சொல் ‘விர்ச்சுவல்’. தமிழில் அதை ‘மெய்நிகர்’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் இரண்டு வெவ்வேறு பொருளில் புழங்குகிறது. ‘மெய்நிகர் பயிற்சிக்கு நிதியுதவி’ என்று ஓர் அறிவிப்பில் படித்தால், திரையில் ஆசிரியர் பாடம் நடத்துவதற்கான பணமா, கண்ணுக்கு முன் கருவியை மாட்டிக்கொண்டு கையால் வேலை பழகுவதற்கான பணமா என்று விளங்குவதில்லை. கொரோனா காலத்தில் காணொலிக் கூட்டத்தையெல்லாம் ‘மெய்நிகர் கூட்டம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். முதல்வகைக்கு ‘இணையவழி’ என்ற தெளிவான சொல் இருக்கிறது. மெய்நிகரை இரண்டாவதற்கு விட்டுவிடுவதே முறை.

‘விர்ச்சுவல்’ என்பதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘விர்’ என்றால் ஆண். அதிலிருந்து ‘விர்ட்டுஸ்’, அதாவது ஆண்மை, வலிமை, ஆற்றல். நம் மொழியிலும் ‘ஆண்மை’ ஆளும் திறத்தைக் குறித்துத் தாளாண்மை, வேளாண்மை என்று விரிந்ததை நினைத்துக்கொள்ளலாம். இடைக்கால இலத்தீனில் ‘ஆற்றல் உடையது’ என்று வழங்கிய சொல், ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘பெயரளவில் அதுவல்ல, பயனளவில் அதுவே’ என்ற பொருளைப் பெற்றது. அரியணையில் ஒருவர் இருக்க, ஆட்சியை உண்மையில் நடத்துபவர் ‘விர்ச்சுவல்’ அரசர். கணினித் துறைக்குள் வந்தபோதும் இந்தப் பொருள் மாறவில்லை. மெய்நிகர் நினைவகம் என்பது கணினியின் சேமிப்பு வட்டில் உள்ள இடத்தையும் நினைவகமாக வேலை செய்யவைக்கும் ஏற்பாடு. நினைவகத்தின் தோற்றம் அதற்கு வேண்டியதில்லை, அதன் வேலையைச் செய்தால் போதும்.

இதனோடு ‘ரியாலிட்டி’யைச் சேர்த்த ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்ற தொடரை, பிரெஞ்சு நாடகக்காரர் அந்தோனன் ஆர்த்தோ 1938இல் வெளியான தம் நூலில் நாடக மேடையைப் பற்றிச் சொல்லும்போது கையாண்டார். தலையில் மாட்டும் கருவிக்கு அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜேரன் லேனியர், 1980களில்.

இனி நம் சொல். மெய் என்றால் உண்மை, உடல், வடிவம். நிகர் என்றால் ஒப்பு. இங்கே தொல்காப்பியத்தின் உவமவியலைப் பார்க்காமல் நகர முடியாது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வழிகளை அது சொல்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கொடை என்பது பயன். துடி போன்ற இடை என்பது மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்பது உரு, அதாவது நிறம். மெய் உவமத்துக்கு உரியனவாக அது தரும் எட்டு உருபுகளில் ஒன்று ‘நிகர்ப்ப’! இன்றைய கலைச்சொல்லின் இரு பாதிகளும் அங்கே ஒரே நூற்பாவில் இருப்பதை முதலில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் அங்கே மெய் என்பது வடிவம். இலத்தீன் வழி வந்த சொல் பயனில் காலூன்றி நிற்க, நம் சொல் வடிவத்தின் பக்கம் சாய்கிறது. சொல்லை மாற்றச் சொல்லவில்லை. பணம் கொடுப்பவர்கள் இந்த நான்கில் எதில் நிகர் என்று கேட்டாக வேண்டும் என்கிறேன்.

வெல்டிங் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முகமூடிக்குள் சிறு திரைகள், கையில் உண்மையான வெல்டிங் டார்ச்சின், அதாவது உலோகத்தை உருக்கும் கைப்பிடியின், எடையும் பிடியும் கொண்ட கருவி, எதிரே ஒரு பிளாஸ்டிக் துண்டு. பயில்பவர் கையை நகர்த்த நகர்த்த, டார்ச் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கருவி அளந்து, பிசகிய இடத்தை உடனே காட்டும். கம்பியும் தகடும் வீணாவதில்லை, கண்ணும் கையும் சுடுவதில்லை. இது வினையில் நிகர். அதே பணத்தில், பட்டறையைச் சுற்றிலும் பார்க்க மட்டும் வைக்கிற 360 பாகைப் படம் ஒன்றை வாங்கினால், அது வடிவிலும் நிறத்திலும் மட்டுமே நிகர். இரண்டுக்கும் ஆவணத்தில் ஒரே பெயர்தான்.

அரசுப் பணம் இந்த வழியில் போவது புதிதல்ல. 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தம் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே சாய்ந்தாடும் விமானப் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1934இல் அந்நாட்டு இராணுவம் விமானத் தபாலைச் சுமக்க இறங்கி, மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பல விமானிகளை இழந்தது. அதன் பிறகே அரசு அந்தப் பெட்டிகளில் ஆறினை வாங்கியது. பார்ப்பதற்குக் குட்டை இறக்கைகளோடு பொம்மை போல இருக்கும். மூடியைச் சாத்தினால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே அளவுகருவிகளின் முட்கள் சரியாக நகர்ந்தன. கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பிப் பறக்கும் பழக்கம் அங்கே கிடைத்தது. வடிவத்தில் நிகரில்லை, வினையிலும் பயனிலும் நிகர்.

எப்படி எழுதுவது? ‘மெய்நிகர் உண்மை’ வேண்டாம். மெய்யும் உண்மையும் அடுத்தடுத்து வந்து ஒன்றையே இருமுறை சொல்கின்றன. ‘மாய உலகம்’ கூடவே கூடாது. மாயம் என்றால் பொய். அங்கே பழகிய கை பட்டறைக்கு வந்ததும் மறைந்துவிடுவதில்லை. பெயர்ச்சொல்லாக ‘மெய்நிகர்’ மட்டுமே போதும், தேவையான இடத்தில் ‘மெய்நிகர் கருவி’, ‘மெய்நிகர் பயிற்சி’. நிதி அறிவிப்பானால் அதன் கீழே இரண்டு வரி சேர்க்க வேண்டும்: பயில்பவர் எந்த வேலையைக் கையால் செய்வார், எதைக் கருவி தராது. வெல்டிங்கில் கருவி தராதவை அனலும் புகையும். அவற்றோடு பழக உண்மையான தகட்டுக்கும் கம்பிக்கும் அதே அறிவிப்பில் பணம் இருக்க வேண்டும்.