ஐந்தாவது வாரத்தில் கால் ஏன் வலிக்கிறது?

புதிதாக ஓட ஆரம்பிப்பவர்கள் முதல் நாளே மனம் தளர்வது மூச்சு விஷயத்தில்தான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நெஞ்சு ஏறி இறங்கும். 'நமக்கு ஸ்டாமினா சுத்தமாக இல்லை' என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் ஓட்டத்தின் முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் பழகியவர்களுக்கும் கொஞ்சம் சிரமமானவைதான்.

கால் தசைகள் முதல் அடியிலிருந்தே கூடுதல் சக்தி கேட்கின்றன. ஆனால் அதற்கு ஈடான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். அதுவரை தசை தன் கையிருப்பில் காலம் தள்ளுகிறது. தயாராக இருக்கும் ஏடிபி (தசை நேரடியாகச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) சில நொடிகளுக்குத்தான் வரும். அதைப் புதுப்பித்துத் தரும் கிரியேட்டின் பாஸ்பேட்டை நம்பி இன்னும் ஒரு பத்து நொடி ஓடலாம். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் குறுக்கு வழி. அதில் வேகம் உண்டு, ஆனால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை அடக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. 'வேகமாக மூச்சு விடு' என்று மூளை விரட்டுவதற்கு முக்கியக் காரணம் இந்த வாயுதான். ஆக்சிஜன் தீர்ந்துபோனது போலத் தோன்றினாலும், கொரோனா காலத்தில் வாங்கிப்போட்ட ஆக்சிமீட்டரை ஓடி நின்றவுடன் விரலில் மாட்டிப் பாருங்கள். ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் 95க்கு மேல்தான் காட்டும்.

1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தொடக்கக்காரர்களுக்காக ஒரு 9 வாரத் திட்டம் போட்டார். இன்று உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றும் 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) அதுதான். முதல் வாரம் 5 நிமிடம் வேக நடை, பிறகு 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு 3 நாள் போதும். கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஆனால் அமிலம் அதிகம் சேர்வதற்குள் 60 நொடி முடிந்துவிடுகிறது, நடக்கும் 90 நொடியில் கிரியேட்டின் பாஸ்பேட்டின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான்.

பலன் வருவதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, அதே வேகத்துக்குக் குறைவாகத் துடித்தால் போதும் என்றாகிறது. (இந்தச் சமயத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரியலாம். நீர் கூடியதால் செறிவு குறைந்திருக்கும்.) சென்னைக்காரர்களுக்கு இது கூடுதல் லாபம். விடியற்காலை மெரினாவில் வெயில் இருக்காது, ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வியர்வை லேசில் ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும், கூடுதல் பிளாஸ்மா அங்கே கைகொடுக்கிறது.

அடுத்து தசைக்குள். 1967இல் செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் அவற்றின் கால் தசைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. நமக்கும் இந்த மாற்றம் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் நாள் இரண்டு நிமிடத்தில் நின்றவர் ஒரு மாதத்தில் பத்து நிமிடம் ஓடுவது இதனால்தான்.

சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். மூச்சு சீராகிவிட்டது, உற்சாகம் பொங்குகிறது, தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுகிறார். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ கீழ்க்காலின் முன்னெலும்பு வலிக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை காலில் இறங்குகிறது. எடை 70 கிலோ என்றால் சுமார் 150 கிலோ, அதுவும் நிமிடத்துக்கு 160 அடி போல. இந்தப் புதுப் பளுவுக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும்தான். ஆனால் அந்த வேலையின் வரிசை விபரீதமானது. முதலில் பழைய பகுதியைக் கரைக்கும் செல்கள் இறங்குகின்றன, அதற்கு மூன்று வாரம் போல ஆகும். கரைத்த இடத்தை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று மாதம் போல. நம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூட வராத ஒப்பந்ததாரர் வேலை மாதிரிதான். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும்.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் இதைவிட மந்தம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. அந்தத் தடயத்தை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டு 2013இல் வெளியிட்டார்கள். அதன் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாற்பது வயதில் ஓட வருபவர் பள்ளிக்கூட நாட்களில் உருவான தசைநாணைக் கொண்டுதான் ஓடுகிறார்! பயிற்சியால் அதற்கு விறைப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் அதற்கும் மாதங்கள் வேண்டும்.

ஆகவே என் கட்சி இதுதான்: முதல் மூன்று மாதம் தூரத்தை முடிவு செய்யும் உரிமையை மூச்சிடம் கொடுக்கக் கூடாது, காலிடம் கொடுக்க வேண்டும். ஓடிய மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்து மூன்று நாளில் அடங்கினால் அது சாதாரணத் தசைவலி. முன்னெலும்பின் உள்ஓரம் நெடுக ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி, வலி போகும்வரை நடையோடு நிற்கலாம். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் சுரீர் என்று வலிக்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் விடவில்லை என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பல நேரம் அது தெரியாது, எம்ஆர்ஐயில்தான் பிடிபடும்.