தூக்கம் வரவில்லை என்று வரும் ஆண்கள்

பாலியல் வன்முறைக்கு ஆளான ஓர் ஆண், அதைச் சொல்லிக்கொண்டு கவுன்சிலிங்குக்கு வருவது அபூர்வம். தூக்கம் வரவில்லை என்பார். கோபம் அடங்கவில்லை, குடி கூடிவிட்டது, மனைவிதான் போய்ப் பார்க்கச் சொன்னாள் என்பார். கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசனை கொடுத்துவரும் எனக்கு உண்மைக் காரணம் தெரியவருவது பெரும்பாலும் பல சந்திப்புகளுக்குப் பிறகுதான். சில சமயம் நேரம் முடிந்து எழுந்தபிறகு, கதவைத் திறக்கப் போகும்போது, "மேடம், சின்ன வயசுல ஒண்ணு நடந்துச்சு" என்று ஆரம்பிப்பார்கள். (இங்கே எழுதியிருப்பது பலருடைய அனுபவங்களைக் கலந்தது. தனி ஒருவரைப் பற்றியது அல்ல.)

செய்தவர் அநேகமாகத் தெரிந்தவராகவே இருப்பார். மாமா முறையில் ஒருவர், அஸ்ராமாவில் (மாணவர் விடுதியில்) ஒரு சீனியர், வேலை வாங்கிக் கொடுத்த முதலாளி. பெண்ணாகவும் இருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் அதை வன்முறை என்று சொல்லவே வாய் வராது. கூட்டாளிகள் அதைக் கேட்டுவிட்டு "உனக்கு அதிர்ஷ்டம்டா" என்று சிரித்திருப்பார்கள்.

"ஆம்பளப் பிள்ளைதானே, தள்ளிவிட்டு ஓட வேண்டியதுதானே?" மற்றவர்கள் இப்படிக் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் தன்னைத்தானே கேட்டு நொந்திருப்பார். ஆபத்து வரும்போது உடம்பு சண்டை போடும், ஓடும் என்று நமக்குத் தெரியும். உறைந்துபோவதும் அதே தற்காப்பில் ஒரு வகை. கை கால் அசையாது, குரல் எழும்பாது. யோசித்து எடுக்கிற முடிவல்ல அது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதியாக வேண்டும், ஏனென்றால் பலருடைய வாயைக் கட்டிப்போட்டிருப்பது இதுதான். தொடும்போது உறுப்பு விறைப்பதும் விந்து வெளியாவதும் விருப்பம் இல்லாமலே நடக்கக்கூடியவை. கடும் பயத்திலும் நடக்கும். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை, ஆசை என்றும் பொருள் இல்லை. ஒருவர் யாரை விரும்புகிறவர் என்பதையும் அது காட்டாது. இதை விளக்கியதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதவர்கள் உண்டு. அத்தனை வருடமும் "என் உடம்பே ஒத்துக்கொண்டதே" என்று தங்களைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தார்கள்.

பையன் ஒரு மாதிரியாக இருக்கிறான் என்று தெரிந்தால் நம் வீடுகளில் உடனே வரும் பேச்சு, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, சரியாகிவிடுவான்." சாமி பார்ப்பார்கள், கயிறு கட்டுவார்கள், பிறகு பெண் தேடுவார்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, பலருக்கு அது தெம்பு தருகிறது. கல்யாணத்தை மட்டும் மருந்தாக்காதீர்கள். யாராவது தொட்டால் திடுக்கிடுகிற, பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே வியர்த்துப்போகிற ஒருவரிடம் முதலிரவில் எதை எதிர்பார்க்கிறோம்? தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் மனசுக்குள் அழுவாள். இரண்டு வருடம் கழித்துத் தம்பதிகளாக வந்து உட்காருவார்கள், குழந்தை இல்லை என்ற புகாருடன்.

திருநங்கைகள், திருநம்பிகள், தங்களை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ளாதவர்கள், இவர்களுக்கு உதவி கேட்டு வருவதே பெரிய பாடு. கவுண்டரில் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் தாண்டி உள்ளே வந்தால், "நீ இப்படி இருப்பதால்தான் இது நடந்தது" என்பார் ஒருவர், "இது நடந்ததால்தான் நீ இப்படி ஆகிவிட்டாய்" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. வன்முறையைப் பற்றிப் பேச வந்தவரிடம் அவருடைய பாலினத்தைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்கும் ஆலோசகர் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிட்டு, அவர் பேச வந்ததைக் கேட்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, வன்புணர்வை ஓர் ஆண் பெண்ணுக்குச் செய்யும் குற்றமாக வரையறுக்கிறது. ஆண்களுக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது. ஆசனவாய் வழியாகவோ வாய் வழியாகவோ சம்மதமில்லாமல் நடந்ததற்கு 377சி பிரிவு இருக்கிறது, குறைந்தது 5 ஆண்டு சிறை. ஆனால் அதே செயல் சம்மதத்தோடு நடந்தாலும் குற்றமாக்கும் 377பி பக்கத்திலேயே இருப்பதால், ரிப்போர்ட் போட்டால் தன்னையே பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். கவுன்சிலிங்குக்கு வர போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை.

அண்மையில் நடந்திருந்தால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இப்படிப்பட்டவர்களைக் கவனிக்க அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்ற நெருக்கடி உதவி மையம் இருக்கிறது. முதலில் தொடங்கியது கோலாலம்பூர் மருத்துவமனையில், 1994இல். பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். மனைவியிடம் அடி வாங்கும் கணவருக்கும் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும். சமூகநல இலாகா அதிகாரி 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட பையன்களையும் பாதுகாக்கிறது. அப்படி ஒன்று தெரிந்தும் போலீசிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதனால்தான் எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். தற்கொலைக்கு முயன்றதையும் மறைக்க வேண்டாம். அதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

அறைக்குள் என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டுமென்றால் அதில் உட்காரலாம். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. நான் முதலில் தூக்கத்தையும் குடியையும் படபடப்பையும்தான் கவனிப்பேன். மூச்சு முட்டும் அளவுக்குப் பழைய நினைவு வந்தால் இந்த அறைக்கு, இந்த நிமிடத்துக்குத் திரும்ப வரப் பழகுவோம். அப்புறம்தான் நடந்ததைப் பற்றிய பேச்சு, அதுவும் அவர் விரும்பினால். பாதியில் நிறுத்தலாம். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன்.

யாராவது உங்களிடம் சொன்னால், "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "நம்புகிறேன்" என்று சொல்லுங்கள். செய்தவனை அடிக்கக் கிளம்பாதீர்கள். அடுத்து என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள்.

அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 நாள் முழுக்க இயங்குகிறது. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் காது கொடுத்துக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, பெயர் சொல்லாமலே பேசலாம். தனியார் ஆலோசகரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். ஆண் ஆலோசகர் வேண்டுமா, பெண் வேண்டுமா, தமிழில் பேச வேண்டுமா என்பதையும் அந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நடந்ததை அப்போது சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் வரவில்லை என்று சொன்னாலே நேரம் ஒதுக்கிக் கொடுப்போம்.