காயத்தை மறைப்பது விளையாட்டுப் பண்பா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் நடக்கும் பள்ளிக் கால்பந்துப் போட்டிகளில் முதலுதவிக்காகக் கோட்டோரம் உட்காரும் இயன்முறை மருத்துவன் நான். மோதி விழுந்த பையன் காலைப் பிடித்துக்கொண்டு உருளுகிறான். நடுவர் விசில் ஊதியதும் பாதி வலி போய்விடுகிறது. மாணவியோ, இடித்தவளிடம் தானே "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு நொண்டியபடி ஓடத் தொடங்குகிறாள்.

பெண்களுக்கு விளையாட்டுப் பண்பு இயல்பிலேயே அதிகம் என்று பலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். சர்வதேச ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைக் கொண்டு 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் அப்படித் தோன்றவே இடம் தருகிறது: காயம்பட்டதுபோல் விழுவது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆண்களிடம் 11.26 முறை, பெண்களிடம் 5.74 முறை, அவற்றுள் உறுதியான காயம் எனத்தக்கவை முறையே 7.2, 13.7 விழுக்காடு. ஆயினும் பெண்களும் நடிக்கிறார்கள் என்பதே இதன் மறுபக்கம். சட்டையை இழுப்பதும் நடுவர் பாராதபோது முழங்கையால் இடிப்பதும் எங்கள் மாணவிகளிடமும் உண்டு.

வேறுபாடு கோட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது என்றே கருதுகிறேன். கோல் கணக்கில் முன்னிலையில் இருக்கும் பையன்களிடம், நேரத்தைக் கடத்துவதற்காக "படுடா, படு" என்று கத்துபவர் பயிற்சியாளரே. நடிப்புக்கு மஞ்சள் அட்டை உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. மாணவியின் நிலை வேறு. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்ற பின்னரும், அரைக்கால் சட்டை அணிந்து ஆடுவதற்கு அப்பாவிடமும் பாட்டியிடமும் மன்றாடி அனுமதி பெற்று வரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அடிபட்டது வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் முதல் மைதானம் கிடையாது என்பதால் வலியை விழுங்குகிறார்கள். அதை நாம் பண்பு என்று கைதட்டுகிறோம்.

முழங்காலின் முன் ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் இந்த மௌனம் ஆபத்தானது. அந்தக் காயம் பெரும்பாலும் யாரும் மோதாமலே, ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதோ குதித்து ஊன்றும்போதோ நேர்வதால், விசிலும் ஒலிக்காது, எவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். 'டப்' என்ற ஓசையோ, சில மணி நேரத்துக்குள் வரும் வீக்கமோ, கால் நழுவுவதுபோன்ற உணர்வோ இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் போட்டு நீவிவிடுவது கூடாது. தலையில் அடிபட்டுத் தடுமாறுபவர் ஆணோ பெண்ணோ, அன்று மீண்டும் களமிறங்கவே கூடாது. உருண்டு உருண்டே மற்றவர்களின் நம்பிக்கையை இழந்துவிட்ட பையனின் உண்மையான காயமும் இப்படித்தான் கவனிக்கப்படாமல் போகிறது.

ஆடத் தொடங்குமுன் உடலைத் தயார்ப்படுத்தும் ஃபிஃபா 11 பிளஸ் என்னும் இருபது நிமிடப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைகின்றன. அதற்குப் பந்தும் கொஞ்சம் இடமும் போதும். அடிபட்டதைச் சொன்னால் அணியிலிருந்து நீக்கமாட்டோம் என்று பயிற்சியாளர் பருவத் தொடக்கத்திலேயே வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டால், இடைவேளையில் தாமாகவே வந்து முழங்காலைக் காட்டும் மாணவிகள் கூடுவார்கள்.