சின்னத்தைக் கழற்றினால் பிழை திருந்திவிடுமா?

மூன்றாவது வருடமாக அதே பிழை. அதே கேற், அதே 7.30 மணி, பிந்தி வந்த பிள்ளை கிரவலில் முழங்காலில். நிறுத்தியவர்கள் மாணவத் தலைவர்கள். முகங்கள் மட்டும் வருடா வருடம் மாறுகின்றன.

இந்த முறை தரம் 7 பையன். ஆலோசனை அறைக்குக் கூட்டி வந்தபோது அவன் முழங்காலைக் காட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். கறுப்புக் கிறீஸ். ஏழெட்டுக் கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை. மாரியில் எங்கள் வன்னி உள்றோட்டுகள் எப்படிக் கிடக்கும் என்று தெரியும்தானே. வழியில் இரண்டு தரம் செயின் கழன்றிருக்கிறது. கேற்றில் நின்றவர்களில் ஒருவராவது அந்தக் கையைப் பார்த்திருக்கலாம்.

உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையும், அதன் பின் 12/2016 சுற்றறிக்கையும் சொல்லியாயிற்று. ஆசிரியருக்கே இல்லாத அதிகாரம் மாணவத் தலைவருக்கு எங்கிருந்து வந்தது? சரி, அதை விடுவோம்.

எனக்குக் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். பாடசாலை, முழங்காலில் நிறுத்திய மாணவனைக் காலைப் பிரார்த்தனையில் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவனுடைய மாணவத் தலைவர் சின்னத்தைக் கழற்றியது. 'இனி ஒருவரும் செய்ய மாட்டார்கள்' என்று ஆசிரியர்களுக்கு நிம்மதி. போன வருடமும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தோம்.

ஆளைத் தூக்கினால் பிழையும் போய்விடும் என்று நம்புகிறோம். போகாது. சின்னம் போனவனோடு, ஏன் அப்படி நடந்தது என்ற கதையும் போய்விடும். மிச்சமிருப்பவர்கள் பிடிபடக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொள்வார்கள். அடுத்த முறை யாராவது பிழை விட்டால் பொறுப்பாசிரியருக்குச் சொல்லவே மாட்டார்கள். உயர்தரப் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போனதும் புதுக்குழு வெறுங்கையோடு வந்து அதே கேற்றில் நிற்கும்.

அந்த மாணவனோடும் கதைத்தேன். 'ஏன் செய்தாய்?' என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் 'சொறி ரீச்சர்' என்பதோடு கதை முடிந்துவிடும். 'அந்த நேரம் உனக்கு என்ன தெரிந்திருந்தது?' என்றுதான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பிந்தி வாறவையைக் குறைக்கச் சொன்னவை ரீச்சர். எப்படிக் குறைக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அண்ணாமார் எங்களையும் இப்படித்தான் விட்டவை." இந்த மூன்று வசனங்களும் குழுவுக்குள் பேசப்பட்டிருக்க வேண்டியவை.

பிறகு குழுவை இருத்தினோம். இரண்டு கிழமைக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. பிந்தி வருபவரின் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் ஒரே றோட்டுப் பிள்ளைகள், ஒரே பஸ். அதைக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளைகள்தான். கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவர்களே அதிபரிடம் போனார்கள்.

பொறுப்பாசிரியர்களே, கேற்றில் ஒருவரைத் தனியே விடாதீர்கள். ஏதாவது நடந்தால் அந்தக் கிழமைக்குள் குழுவை இருத்திக் கதையுங்கள். பிரார்த்தனை மேடை அதற்கான இடமே இல்லை. கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலில் பேசினால் பிள்ளைகள் உங்கள் பேச்சையே திருப்பிச் சொல்வார்கள். 'குறைக்கச் சொன்னது நான்தான்' என்றால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். கொப்பியை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சின்னம் சூட்டுவதற்கு முன், பழைய குழு புதுக்குழுவோடு அரை நாளாவது இருந்து, தாங்கள் விட்ட பிழைகளைத் தங்கள் வாயாலேயே சொல்லட்டும். காயப்பட்ட பிள்ளையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பதும் குழுவின் வேலைதான்.

உங்கள் பாடசாலையில் ஏற்கெனவே ஒருவனின் சின்னத்தைக் கழற்றியிருந்தால், தயவுசெய்து இந்தக் கிழமை அவனைக் கூப்பிட்டு ஒருதரம் கதையுங்கள். எங்கள் மாணவன் இன்னும் அதே சேட்டைத்தான் போட்டு வருகிறான். சின்னம் குத்திய இடத்தில் இரண்டு ஊசித் துளைகள் இருக்கின்றன. பொக்கெற்றில் கை வைத்து அதை மறைத்தபடிதான் என் அறையைக் கடந்து போகிறான்.