புளோக்குக்குக் கீழே காற்று வருவது எப்படி?

சிங்கப்பூரின் தோ பாயோவில் பிற்பகல் 2 மணி. எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் உச்சி மண்டை காய்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஏதாவதொரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தால் போதும், காற்று சட்டையை இழுக்கிறது. அங்கே விசிறி கிடையாது. சுவரும் கிடையாது, வெறும் தூண்கள்தாம். சுவர் இல்லாததுதான் சங்கதி.

நீளமான புளோக்கில் காற்று மோதும்போது, மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடும், மறுபக்கத்தில் குறையும். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு வழி தேடுவதுபோல், காற்றும் அழுத்தம் குறைந்த பக்கம் போகப் பார்க்கும். மேலே மாடிகள் மறித்து நிற்கின்றன. கீழே வாசல் திறந்திருக்கிறது. அந்த இடுக்கில் பாய்வதால் வேகமும் கூடுகிறது. தவிர, வெயிலே படாத சிமெண்டுத் தரை நம்மேல் அனல் வீசாது. இவ்வளவு ஈரப்பதமுள்ள ஊரில் வியர்வை காய வேண்டுமானால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயில் கணக்கு இன்னும் சுவையானது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில்தான் இருக்கிறது. இங்கே நடுப்பகல் என்பது கடிகாரத்தில் சுமார் 1 மணி. டிசம்பரில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும்போதுகூட, அந்நேரத்தில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 65 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது தெற்குச் சுவரில் ஒரு மீட்டர் நீட்டிய சன்ஷேட் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே நிழல் தரும். மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை 5 மணிக்குச் சூரியன் சுமார் 30 பாகைக்கு இறங்கிவிடும். அதே சன்ஷேடின் நிழல் அரை மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அதனால்தான் முடிந்தவரை வீடுகளின் முகத்தை வடக்கு, தெற்காக வைக்கிறார்கள். மேற்கு பார்த்த வீட்டுக்காரரிடம் கேட்டால் பாகைக் கணக்கே வேண்டாம், மின்கட்டணத்தைக் காட்டுவார்.

வீவக 1960இல் தொடங்கப்பட்டது. அது முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் தோ பாயோ. 1960களின் புளோக்குகள் பலவற்றில் தரைமட்டத்திலும் வீடுகள் இருந்தன. கீழ்த்தளத்தைக் காலியாக விடுவது 1970களில்தான் வழக்கமானது.

தூண்மேல் கட்டடம் என்பது நவீனத்துவக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே பரப்பிய யோசனை. பிரான்சின் மார்சேயில் 1952இல் முடிந்த அவருடைய கட்டடத்தில் 337 வீடுகள். கடைத்தெருவை அவர் கட்டடத்தின் நடுமாடியில் வைத்தார். என் பார்வையில் சறுக்கியது அங்கேதான்: வழிப்போக்கர் கண்ணில் படாத உயரத்தில் கடைக்கு யார் வருவார்கள்? தோ பாயோவில் கடைகள் தரையில் இருக்கின்றன. மின்தூக்கியிலிருந்து பேருந்துக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் காப்பிக்கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். காற்றுக்குத் திறந்த வழியில் கால்களும் நடக்கின்றன. சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள பழைய கடைவீடுகளில் நாம் 'அஞ்சடி' என்று சொல்லும் நடைபாதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே, இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் அதைக் கட்டாயமாக்கினார்.

கீழ்த்தளத்தில் எல்லா இனத்தவரும் 'மாமா ஷாப்' என்றழைக்கும் சின்னக் கடையின் பெயர் நம் 'மாமா'தான். எங்கள் புளோக் மாமா முக்காலியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே, காற்று வரும் பக்கமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.