கணக்கில் இரண்டு பேர், வகுப்பில் ஒருவர்

எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்பு, 43 பிள்ளைகள். தலைமையாசிரியர் என்று நான் ஒருவன், இடைநிலை ஆசிரியை ஒருவர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஆக, கணக்குப்படி எங்களுக்குப் பற்றாக்குறையே கிடையாது.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று எனக்குச் செய்தி வரும் நாளில் வந்து பாருங்கள். டீச்சர் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இடப்பக்கம் ஒன்றும் இரண்டும் 'அ, ஆ' எழுதும். வலப்பக்கம் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டும். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் என்ன செய்யும்? சத்தம் போடாமல் இருக்கும். அன்றைக்கு அதுதான் அவர்களுக்குப் பாடம். இதற்கிடையே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு வேறு.

2022இல் அந்த இரண்டாவது பணியிடம் காலியாகிவிட்டது. அந்த ஆண்டுதான் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களை, பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். பின்னால் அது 12,000 ஆனது. எங்களுக்கு வந்த பெண் நன்றாகப் பாடம் நடத்துவார். மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கு ஷேர் ஆட்டோ. அந்தச் செலவு போக என்ன மிஞ்சும் என்று நான் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம். தீபாவளி நெருக்கத்தில் ஜவுளிக்கடையில் பில் போட ஆள் எடுத்தார்கள். 7,500 வாங்கியவருக்கு அங்கே 9,000 தருகிறார்களாம், போய்விட்டார். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு சொல்வது? இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் கடைசிவரை 'புது டீச்சர்'தான்.

ஆள் பற்றாக்குறையையும் சம்பளத்தையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பேசுகிறோம். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

சரி, நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் கதை? இப்போது இருக்கும் டீச்சர் பணியிட மாறுதல் கலந்தாய்வில் வந்தவர். 2009 ஜூன் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர். அந்தத் தேதிதான் வினை. ஆறாவது ஊதியக் குழுவை அமல்படுத்தியபோது, அதற்கு முன்பே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய 4,500 ரூபாயை 1.86ஆல் பெருக்கி 8,370 ஆக்கினார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200. தர ஊதியம் 2,800 இருவருக்கும் ஒன்றே. அடிப்படையில் மட்டும் 3,170 ரூபாய் இடைவெளி. ஏழாவது குழு இதையும் 2.57ஆல் பெருக்கியதில் இடைவெளி எட்டாயிரத்தைத் தாண்டியது. அகவிலைப்படியும் சதவீதக் கணக்கு என்பதால், அது உயர உயர வித்தியாசமும் கூடுகிறது.

முந்தைய ஆண்டில் சேர்ந்தவர் ஓர் இன்கிரிமென்ட் கூடுதலாக வாங்கட்டும், அது நியாயம். அதே தகுதி, அதே புத்தகம், அதே 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி; சேர்ந்த தேதியை வைத்து வாழ்நாள் முழுக்க வேறு சம்பளம் என்றால்? 2022 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வி இயக்ககம் இருக்கும் டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் கேட்டது இதைத்தான். அதன்பின் மூவர் குழு போட்டார்கள்.

பெற்றோர் சிலர், "வாத்தியாருக்கெல்லாம் என்ன சார் குறை, லட்ச ரூபாய் சம்பளம்" என்பார்கள். சிலர் வாங்குகிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துபவர் யார், என்ன வகையில் நியமிக்கப்பட்டவர் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள். பதிவேட்டில் எத்தனை பெயர், வகுப்பறையில் எத்தனை பேர், மாற்றுப்பணி என்று யார் எங்கே போயிருக்கிறார் என்றும் கேளுங்கள்.

போன கூட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார்: "சார், நீங்க மீட்டிங் போற அன்னிக்கு எம்புள்ளைக்கு யாரு?" நான் கொஞ்சம் நெளிந்தேன். கேள்வியை அப்படியே தீர்மானப் பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நகலை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.